மோசேயின் கையில் மகுடி

பிலோமினா ரீச்சரின் சாவுச் செய்தி வந்தபோது நான் அடுப்பில் பாண் வாட்டிக்கொண்டிருந்தேன். பேத்தி ரோஜா தொலைபேசியைக் காதிலிருந்து எடுக்காமலே வந்து நின்றாள்.

"அம்மம்மா, ரீச்சர் போயிட்டா."

"அந்தத் துணியை எடுத்து வெயிலில போடு" என்றேன். எந்தத் துணி என்று அவள் கேட்கவில்லை. ரீச்சரோடு பழகிய உங்களில் சிலரும் கேட்கமாட்டீர்கள். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

நாங்கள் குறவர் சனம். பாம்பாட்டியும் பச்சை குத்தியும் பிழைத்தவர்கள். தலவில வேதக்கோயில் திருநாளுக்கு வருடா வருடம் வந்து கூடாரம் போட்டுப் போட்டு, கடைசியில் இந்தக் கடற்கரையிலேயே தங்கிவிட்டோம். எங்கள் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்ல ரீச்சர் ஞாயிறு தோறும் சைக்கிளில் வருவார்.

முதல் நாள் பெரிய படப்புத்தகம் கொண்டுவந்து ஏவாள் கதை சொன்னார். பாம்பு வந்து பொய் சொன்னது என்றாரோ இல்லையோ, பிள்ளைகள் எழும்பிவிட்டார்கள். ரோஜா அப்போது பால்பல் விழுந்த பிள்ளை.

"எங்கட பாம்பு பொய் சொல்லாது ரீச்சர். அதுதான் எங்களுக்குச் சோறு போடுது."

அவ்வளவுதான், பாய் காலியாகிவிட்டது. ரீச்சர் இனி வரமாட்டார் என்றே நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு புத்தகமில்லாமல் வந்தார். என் பக்கத்தில் குந்தி, என் கையில் பச்சை குத்தியிருந்ததை விரலால் தொட்டுத் தொட்டுக் கேட்டார்: "இது என்ன ரங்கம்மா? இந்தப் புள்ளி வரிசை?" அது ஆறு, இது தேள், இது தாமரை என்று சொல்லிக்கொடுத்தேன். "இந்தக் கையில ஒரு புத்தகமே இருக்கு. நான் ஏன் வேற புத்தகம் சுமந்தனான்?" என்று சிரித்தார்.

பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டு வேறொரு கதை சொன்னார். வனாந்தரத்தில் பாம்பு கடித்துச் சனம் சாகிறது. கடவுள் சொன்னபடி மோசே வெண்கலப் பாம்பு ஒன்றைச் செய்து கம்பத்தில் உயர்த்துகிறார். அதைப் பார்த்தவர்கள் பிழைக்கிறார்கள்.

"அப்ப கடவுளுக்கும் பாம்பாட்டத் தெரியுமா?" என்றான் ஒருவன். எல்லோரும் பாய்க்குத் திரும்பிவிட்டார்கள்.

கரி, செங்கல் தூள், மஞ்சள். இவற்றைக் குழைத்து, எங்கள் பச்சைக் கோலத்தின் புள்ளிகளாலேயே நீண்ட வெள்ளைத் துணியில் அந்தக் கதையைப் பிள்ளைகள் தீட்டினார்கள். படமெடுத்த நாகம் ரோஜா கீறியது. ஆனால் மோசேயின் கையில் கோலுக்குப் பதில் மகுடி! காலடியில் பாம்புப் பெட்டியும். நான் வெட்கப்பட்டு அழிக்கப் போனேன். ரீச்சர் கையைப் பிடித்தார். "விடு. ஆட்டுக்குக் கோல், பாம்புக்கு மகுடி. பிள்ளைகள் சரியாத்தான் கீறியிருக்குதுகள்."

இங்குள்ள சின்னக் கோயில் திருநாளன்று துணியோடு போனோம். வாசலிலேயே கோயிலைக் கவனிக்கிற மூப்பர் மறித்தார்.

"மோசே என்ன பாம்பாட்டியா ரீச்சர்?"

"ஓம். சனத்தைப் பாம்பிட்ட இருந்து காப்பாத்தினவரை வேற என்ன எண்டு சொல்லுறது?"

"இதைக் கோயிலுக்குள்ள கட்ட ஏலாது."

பிள்ளைகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார்கள். அன்று திரும்பியிருந்தால் ஒன்றுகூட மறுபடி கோயில் படி மிதித்திருக்காது. ரீச்சருக்கும் அது தெரியும். "கட்டவேண்டாம். நான் பிடிக்கிறன்" என்று உள்ளே போனார். பீடத்தின் ஓரம் நின்று, துணியின் ஒரு முனையைச் சன்னலில் கொளுவி, மறு முனையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார். பூசை தொடங்கியது. பிரசங்கம் நீண்டது. ரீச்சர் கையை மாற்றி மாற்றிப் பிடித்தார், நாகமும் அசைந்தது. பிள்ளைகள் ஒவ்வொன்றாய் உள்ளே போய் அவர் காலடியில் இருந்தார்கள். கடைசியில் மூப்பரே எழுந்து வந்தார்.

"தாங்கோ ரீச்சர். கை உளையும்."

பூசை முடியும் வரை அவர்தான் பிடித்தார். வெளியே வந்ததும் எங்கள் பெடியன்கள் மகுடி ஊதிய ஊதலில் தென்னைகளில் இருந்த காகமெல்லாம் பறந்தன.

அடக்கத்துக்குப் போகும்போது அதே துணி சவப்பெட்டிக்கு முன்னால் போனது. ஒரு முனை நரைத்துப்போன மூப்பரின் கையில். மறு முனை ரோஜாவின் கையில். இன்று ஞாயிறு வகுப்பு எடுப்பவள் அவள்தான். பெட்டியைச் சுமந்தவர்கள் அன்று காலடியில் இருந்த அதே பிள்ளைகள். பாதையோரத்தில் நின்ற சனம் நாகத்தைப் பார்த்து நெற்றியில் சிலுவை போட்டது.

ரீச்சரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு சொல். சந்தையில் யாராவது, "நீங்க பாம்பாட்டிச் சனமா?" என்று கேட்டால் முன்பெல்லாம் கையைச் சேலைக்குள் ஒளிப்பேன். இப்போது கையை நீட்டிக் காட்டி, அன்று கோயில் வாசலில் ரீச்சர் சொன்ன அதே குரலில் சொல்கிறேன்:

"ஓம்."