ஏச்சுக்காரி ஒழுங்கை

"இது ஒழுங்கை இல்ல, என்ட வளவு! உன்ட அப்பன் வெட்டின பாதையா?"

கொழும்புக் கொட்டாஞ்சேனையில் கோவில் தெருவுக்கும் கடற்பக்கத் தெருவுக்கும் நடுவே இருந்த ஒரு சிறிய வீட்டு வளவிலிருந்து, விடிந்தது முதல் விளக்கு வைக்கும் வரை இந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். சத்தம் போடுகிறவள் மரியகொறற்றி. காலையில் அப்பம் சுட்டு விற்பாள். மற்ற நேரமெல்லாம் வளவுக்குக் காவல் இருப்பாள்.

வளவு அவளுக்குத் தகப்பன் காணி உறுதி எழுதிக் கொடுத்தது. அதற்குத் தெருவுக்கு ஒன்றாக இரண்டு படலைகள், வேலிக் கதவுகள். தகப்பன் சுமை ஏற்றும் மாட்டுக் கரத்தை வைத்திருந்தவர். உள்ளே கரத்தையைத் திருப்ப இடம் போதாததால், ஒரு படலையால் நுழைந்து மற்றதால் வெளியேறுவார். அவர் போனார், கரத்தையும் விற்கப்பட்டது. படலைகள் உக்கித் திறந்தபடி கிடக்க, ஊர் அதைக் குறுக்கு வழியாக, ஒழுங்கையாக, ஆக்கிக்கொண்டது. துறைமுகத்தில் மூட்டை சுமந்த புருஷனும் சரக்கு விழுந்து செத்த பிறகு, கொறற்றிக்கு மிஞ்சியவை அந்த வளவும் செலீன் என்ற ஒரு பெண்பிள்ளையும்தான். வளவை அவள் வாயால் வேலி போட்டுக் காத்தாள்.

யாரையும் விட்டுவைத்தவள் அல்ல. தெருப்பைப்பில் தண்ணீர் எடுத்துவரும் நளீபாவை ஏசுவாள், ரொட்டி விற்கும் பாண்காரனை ஏசுவாள். ஒருமுறை பங்குச் சுவாமியார் சாகக் கிடந்த ஒருவனுக்கு அவஸ்தைத் தைலம் பூச அவசரமாகக் குறுக்கே நடந்தபோது, "சாகிறவன் எங்கயும் ஓடமாட்டான் சுவாமி, தெருவால சுத்திப் போங்க!" என்று கத்தினாள். அதைச் சொல்லிச் சொல்லி ஊர் பல நாள் சிரித்தது. சுவாமியார் சிரிக்கவில்லை.

செலீன் கோவில் தெருவில் இருந்த கத்தோலிக்கப் பள்ளியில் படித்தாள். அந்தப் பள்ளிக்கு மனேச்சர் அதே சுவாமியார். அந்த நாளில் பணம் கொடுப்பது அரசாங்கம், ஆளுவது மனேச்சர். ஆசிரியர்களை வைப்பதும் நீக்குவதும் அவருடைய ஒரு சொல்லில் இருந்தது. பெற்றோரை யாரும் எதுவும் கேட்பதில்லை. வித்தியாபகுதி கொடுக்கும் உதவிநன்கொடை, எத்தனை பிள்ளைகள் வருகிறார்கள் என்பதையும், வித்தியாதரிசி என்ற இன்ஸ்பெக்டர் வந்து கேட்கும்போது அவர்கள் எப்படி வாசிக்கிறார்கள் என்பதையும் பார்த்துக் கூடும், குறையும். இதற்கு மனேச்சர்மார் கண்டுபிடித்த வழி எளிமையானது. ஆண்டு முழுவதும் தலை எண்ணுவதற்கு வேண்டியிருந்த மந்தமான பிள்ளைக்கு, வித்தியாதரிசி வரும் அந்த ஒரு நாளில் மட்டும் காய்ச்சல் வரும். காய்ச்சல் வரவேண்டும் என்று முதல் நாளே சொல்லி அனுப்பிவிடுவார்கள்.

செலீன் மந்தம்தான். எழுத்துக் கூட்டி அவள் ஒரு வரியை முடிப்பதற்குள் மற்றப் பிள்ளைகள் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். 1932இல் அவள் மூன்றாம் வகுப்பில் இருந்தபோது அவளுக்கும் காய்ச்சல் என்று சொல்லப்பட்டது. கொறற்றி நேரே சுவாமியாரின் வாசலில் போய் நின்றாள்.

"சுவாமி, என்ட பிள்ளைக்குக் காய்ச்சல் இல்ல."

"நாளைக்கு ஒரு நாள்தானே, கொறற்றி. பள்ளிக்கூடம் நல்ல பேர் எடுக்க வேண்டாமா?"

"நல்ல பேர் எடுக்க என்ட பிள்ளைய ஒளிக்கணுமோ? அவ என்ன, சுவரில கறையா, படம் மாட்டி மறைக்க?"

"வாயை அடக்கு. உன்ட மகள் என்ன, கோட்டில வழக்குப் பேசிற அப்புக்காத்தாகவா வரப்போறாள்? அப்பம் சுட இந்தப் படிப்புப் போதும்."

அன்றே கொறற்றி பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தினாள். சுவாமியாரும் போகட்டும் என்று விட்டுவிட்டார். அந்த வளவு தமக்குத் தேவைப்படும் என்று அவர் அப்போது நினைத்திருக்க மாட்டார்.

அடுத்த ஆண்டு தை கழிந்ததும் வெள்ளவத்தையிலிருந்து நாகேந்திரம் என்ற பிரக்கிராசி, காணி வழக்குகள் பார்க்கும் சட்டத்தரணி, வந்தார். கடற்பக்கத் தெருவில் பழைய சரக்குக் கிட்டங்கி ஒன்றை வாடகைக்கு எடுத்துச் சைவப் பாடசாலை திறக்க முற்பட்டிருந்தார். அந்தப் பகுதிச் சைவப் பிள்ளைகள் வேறு பள்ளி இல்லாமல் கோவில் தெருப் பள்ளியில் செபம் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது உண்மை. நாகேந்திரத்தின் சொந்தப் பிள்ளைகள் சம்பளம் கட்டி இங்கிலீசுப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதும் உண்மை. மனேச்சர் என்ற பெயருக்காக அவர் எதையும் செய்வார்.

அவருக்கு ஒரு தடை இருந்தது. ஏற்கெனவே ஒரு பள்ளி இருக்கும் இடத்திலிருந்து கால் மைலுக்குள் இன்னொன்று திறந்தால் உதவிநன்கொடை இல்லை. தூரத்தை மக்கள் நடக்கும் கிட்டிய வழியால் அளப்பார்கள். தெருமுனையால் சுற்றி அளந்தால் கிட்டங்கி கால் மைலுக்கு வெளியே; கொறற்றியின் வளவுக்குள்ளால் அளந்தால் உள்ளே.

"தங்கச்சி, நான் உம்மட்டப் புதுசா ஒண்டும் கேக்கேல்லை," என்றார் நாகேந்திரம். "நீர் நாள் முழுக்கக் கத்திறதை இன்ஸ்பெக்டருக்கு முன்னால ஒருக்காக் கத்தும். இது ஒழுங்கை இல்லை, வளவு எண்டு. ரெண்டு படலையும் பூட்டும் நான் வாங்கித் தாறன்."

"என்ட பிள்ளைய எடுப்பீங்களா?"

"ஓம், ஓம். அதுக்கென்ன?"

"இன்ஸ்பெக்டர் வாற அண்டைக்கும் அவ வகுப்பில, வாங்கில குந்தி இருப்பாளா?"

"முன்வாங்கிலயே இருத்திறன். எழுதித் தரட்டோ?"

"எனக்கு வாசிக்கத் தெரியாது. வாய்ச்சொல்லுப் போதும். உங்கட வாய் மாறினா, பிறகு என்ட வாயைப் பாப்பீங்க."

வித்தியாதரிசி அளவைச் சங்கிலியோடு வந்த அன்று இரண்டு படலையிலும் புதுப் பூட்டுத் தொங்கியது. சுவாமியாரும் வந்திருந்தார்.

"ஊர் முழுக்க இதாலதான் நடக்குது," என்றார் அவர். "பாதை தேய்ஞ்சு கிடக்கிறதைப் பாருங்கோ."

"நடக்குது, நான் இல்லையெண்டேனா?" என்றாள் கொறற்றி. "களவா நடக்குது. நடக்கிறவங்களுக்கு நான் குடுக்கிற ஏச்சு முகத்துவாரம் வரைக்கும் கேக்கும். ஏன், சுவாமியையே ஏசினனே. இல்லையெண்டு சொல்லுங்க பாப்பம்!"

கூடி நின்றவர்கள் சிரித்தார்கள். வித்தியாதரிசி சுவாமியாரைப் பார்த்தார். சுவாமியாரால் பொய் சொல்லவும் முடியாது, உண்மை சொன்னால், உரிமைக்காரி மறித்த வழி பொதுவழி ஆகாது என்று வழக்கும் போய்விடும். இத்தனை ஆண்டு ஏச்சும் அந்த ஒரு நாளில் சாட்சியாக நின்றது. சங்கிலி தெருமுனையால் சுற்றிப் போயிற்று.

நாகேந்திரத்தின் பள்ளிக்கு நன்கொடை கிடைத்தது. கொறற்றிக்குக் கிடைத்தது ஊரின் பகை. வாயால் ஏசிய வரைக்கும் எவரும் பெரிதாக எடுக்கவில்லை, ஏசினாலும் நடக்கலாம். பூட்டை யாரும் மன்னிக்கவில்லை.

"குடத்தோட அந்த முனையால ஒருக்காச் சுத்தி வந்து பாருங்க கொறற்றி அக்கா," என்று நளீபா வேலிக்கு வெளியே நின்று சொன்னாள். "அல்லா பாத்துக்கிட்டுத்தான் ஈக்கான்."

"பாக்கட்டும். அவனும் சுத்தித்தான் வரணும்!"

அன்று இரவே யாரோ மீன்குடலை அள்ளி அவள் அப்பச்சட்டிக்குள் கொட்டிவிட்டுப் போனார்கள். சுவாமியார் பிரசங்கத்தில் பெயர் சொல்லாமல் யூதாசைப் பற்றிப் பேசினார். கோவில் முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. அப்பம் வாங்க வருகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். கொறற்றி எதற்கும் அசையவில்லை. காலையில் செலீனின் தலையை இழுத்துப் பின்னி, கடற்பக்கப் படலையைத் திறந்து அவளை வெளியே விட்டு, மறுபடி பூட்டுவாள்.

புதுப் பள்ளியில் செலீன் எப்படி இருந்தாள் என்று கொறற்றி கேட்டதே இல்லை. அவளுக்கு வாங்கு முக்கியம். தேவாரம் பாடும் நேரத்தில் செலீன் வெளியே விறாந்தையில் நிற்பாள். அது முடிந்ததும் கனகேஸ்வரி என்ற பிள்ளை வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போவாள். தலைமையாசிரியை அன்னபாக்கியம் அவளைக் கடைசியாக, மற்றவர்கள் எழுதிக்கொண்டிருக்கும்போது, மெல்லிய குரலில் வாசிக்க வைப்பார். வரி இப்போதும் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை.

1934 ஆடியில் முதல் பரிசோதனை. அதற்கு முதல் நாள் செலீன் பின்னேரம் வந்து, கால் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"நாளைக்கு எனக்குக் காய்ச்சலாம் அம்மா."

கொறற்றி அடுப்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். "யார் சொன்னது?"

"ரீச்சர்தான். சொல்லேக்க அவங்கட கண் கலங்கினது. மனேச்சர் சொன்னாராம். முதல் பரீட்சையில பள்ளிக்கூடம் நல்லாச் செய்யாட்டி ரீச்சரை நிப்பாட்டிப் போடுவாராம். ஒரு நாள்தானே அம்மா. நான் நிக்கிறன்."

கொறற்றி அடுப்புக்குள் இன்னொரு விறகைத் தள்ளினாள். செலீனுக்கு அது சம்மதமாகப் பட்டது.

மறுநாள் வித்தியாதரிசி, செலீன் மறுபடி படித்துக்கொண்டிருந்த மூன்றாம் வகுப்பில் வாசிப்புக் கேட்டுக்கொண்டிருந்தபோது, கொறற்றி மகளைக் கையில் பிடித்து இழுத்தபடி உள்ளே வந்தாள். முன்வாங்கில் இருந்த கனகேஸ்வரியைத் தள்ளி, செலீனை அமர்த்தினாள்.

நாகேந்திரம் எழுந்து ஓடிவந்தார். "தங்கச்சி, பிறகு கதைப்பம். பிள்ளைக்குச் சுகமில்லை எண்டு..."

"காய்ச்சலெண்டா தொட்டுப் பாருங்க. தொடுங்க ஐயா! உங்கட கையும் சுடுமோ எண்டு பாப்பம்."

வித்தியாதரிசிக்கு இந்த ஊர்க் காய்ச்சல்கள் பழக்கம். கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "சரி, வந்த பிள்ளை வாசிக்கட்டும்," என்று புத்தகத்தை நீட்டினார்.

செலீன் புத்தகத்தைப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். அன்னபாக்கியத்தைப் பார்த்தாள். ஓர் எழுத்தும் வாயிலிருந்து வரவில்லை. பின்வாங்கில் ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். பிறகு வகுப்பே சிரித்தது. அந்தப் பள்ளியில் அவளைப் பார்த்து முதல்முறையாகச் சிரித்தார்கள்.

"இதுக்குத்தான் அம்மா, நான் சொன்னனான்," என்றார் நாகேந்திரம், பல்லைக் கடித்தபடி.

கொறற்றி முந்தானையில் முடிந்திருந்த இரண்டு சாவிகளையும் அவிழ்த்து வித்தியாதரிசியின் மேசையில் எறிந்தாள்.

"ஐயா, அண்டைக்கு நான் பொய் சொன்னன். அது வளவில்ல, ஒழுங்கை. என்ட அப்பன் காலத்தில இருந்து ஊர் நடக்கிற ஒழுங்கை. படலையத் திறந்துபோட்டுத்தான் வந்திருக்கிறன். கோவில் தெருப் பள்ளி எவ்வளவு கிட்ட எண்டு இப்ப நடந்து பாருங்க!"

"தங்கச்சி, உம்மட காணியையெல்லோ நீர் குடுக்கிறீர்! விளங்குதே?" என்று கத்தினார் நாகேந்திரம். பிரக்கிராசி அல்லவா, அவருக்கு உடனே விளங்கிவிட்டது.

"விளங்குது. உங்கட பள்ளிக்கூடத்தையும் சேத்துக் குடுக்கிறன்."

அன்று சொன்னது உண்மை. இன்று சொன்னதுதான் பொய். வித்தியாபகுதிக்கு இந்தப் பொய் போதுமாக இருந்தது. சுவாமியார் பத்துப் பேரைக் கூட்டிவந்து, காலங்காலமாக நடந்த வழி என்று சொல்ல வைத்தார். நளீபா எல்லாருக்கும் முன்னால் நின்று சொன்னாள். மறுபடி சங்கிலி வந்தது, இம்முறை வளவுக்குள்ளால். நன்கொடை நின்றது. அடுத்த ஆண்டு பங்குனியில் கிட்டங்கியில் மறுபடி கொப்பரை மூட்டை ஏறிற்று. சைவப் பிள்ளைகள் கோவில் தெருப் பள்ளிக்குத் திரும்பிப் போய்ச் செபம் சொன்னார்கள். அன்னபாக்கியம் யாழ்ப்பாணத்துக்கு ரயில் ஏறினார். நாகேந்திரம் வேறொரு சங்கத்துக்குத் தலைவரானார்.

சுவாமியார் செலீனைத் திரும்ப எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லிக் கொறற்றி கேட்கவும் இல்லை.

கொறற்றியின் வாக்குமூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு நகரசபை வந்தது. வழியை அகலமாக்கி, தண்ணீர் ஓடக் கான் வெட்டினார்கள், விளக்குக் கம்பம் நட்டார்கள். அப்ப அடுப்பும் வீட்டின் பாதியும் போயின. தாயும் மகளும் கடற்பக்கத் தெருவில் ஓர் அறைக்குக் குடிபோனார்கள். பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்த அன்றுதான் செலீன் வாய் திறந்தாள்.

"வருசத்தில ஒரு நாள் வீட்டில நிண்டிருப்பன். உங்களால எல்லா நாளும் நிக்கிறன்."

"உனக்காகத்தான்டி செஞ்சன்!"

"நான் கேக்கேல்ல."

அதன் பிறகு அவர்கள் ஒரே அறையில் ஏழு ஆண்டுகள் இருந்தார்கள். தேவைக்கு மேல் செலீன் தாயோடு பேசவில்லை. கலியாணம் முடித்த பிறகும் அதே வரிசையில் அடுத்த அறையில்தான் இருந்தாள். அப்போதும் பேசவில்லை.

நகரசபை ஒழுங்கைக்குப் பலகையில் ஓர் உறுப்பினரின் பெயரை எழுதியது. அந்தப் பெயரை எவரும் சொன்னதில்லை. ஏச்சுக்காரி ஒழுங்கை என்றால்தான் தபால்காரனுக்கும் தெரியும். கொறற்றி அந்த ஒழுங்கையில் கால் வைக்கவில்லை. ஞாயிற்றுப் பூசைக்குக்கூடத் தெருமுனையால் சுற்றித்தான் போனாள். ஆனால் பின்னேரங்களில் ஒழுங்கையின் வாயில் வந்து நின்று, போகிற வருகிறவர்களைப் பார்த்துக் கத்துவாள்: "இது என்ட வளவு! உன்ட அப்பன் வெட்டின பாதையா?"

"தள்ளி நிண்டு கத்துங்க அக்கா," என்பாள் நளீபா, குடத்தை இடுப்பில் மாற்றியபடி. "ஒழுங்கையில ஆள் போகணும்."

1946 மார்கழியில் கொறற்றி செத்தாள். அடக்கத்துக்குக் கோவிலிலிருந்து சிலர் வந்தார்கள். சவப்பெட்டியைத் தூக்கியவர்கள் வாசலில் தயங்கினார்கள். அவள் வழக்கம் ஊருக்கே தெரியும்.

"எதால போறது, தங்கச்சி?" என்று ஒருவன் கேட்டான். "முனையால சுத்திப் போவமா?"

செலீன் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"எதுக்குச் சுத்தணும்? ஒழுங்கையால போங்க," என்றாள்.