வேப்பம்பட்டில் இறங்காதவர்கள்

1972-ஆம் வருடம், மாசி மகத்துக்கு முந்தின நாள், திங்கட்கிழமை. சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியிலிருந்து என் அண்ணனைத் திருவள்ளூருக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது.

அண்ணனுக்கு வயிற்றில் புற்றுநோய். இனி வைத்தியம் இல்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மனைவியை இழந்தவர், பிள்ளைகளும் கிடையாது. திருவள்ளூர் மணவாள நகரில் என் வீடு ஒற்றை அறை. வலிக்கு ஊசி போட அங்கே யாரும் இல்லை. திருவள்ளூரை அடுத்து, தீராத நோயாளிகளைக் கடைசிவரை வைத்துப் பார்த்துக்கொள்ளும் கன்னியாஸ்திரீகளின் இல்லம் ஒன்று இருந்தது. நடையாய் நடந்து ஒரு கட்டிலுக்குச் சம்மதம் வாங்கியிருந்தேன். அன்று இரவுக்குள் வராவிட்டால், காத்திருக்கும் வேறொருவருக்கு அது போய்விடும் என்று சிஸ்டர் முன்பே சொல்லியிருந்தார்.

டிஸ்சார்ஜ் சீட்டு கைக்கு வரவே சாயங்காலம் ஆகிவிட்டது. டாக்சிக்காரர்கள் அண்ணன் முகத்தைப் பார்த்ததும், "வழியில எதனா ஆயிடுச்சின்னா பேஜாரு சார்" என்று நழுவினார்கள். மிச்சம் இருந்தது, ஆபீஸ் விட்டு ஜனங்கள் வீடு திரும்பும் அரக்கோணம் பாசஞ்சர்தான்.

போர்ட்டர் உதவியோடு எப்படியோ அவரை ஏற்றிவிட்டேன். உள்ளே நிற்கவே இடமில்லை. எதிரெதிர் பெஞ்சுகளில் ஒரு சீசன் டிக்கெட் கும்பல், முழங்கால்கள்மேல் துண்டை விரித்து ரம்மி ஆடிக்கொண்டிருந்தது. அந்த இடத்தை அவர்கள் யாருக்கும் விட்டதில்லை. எப்போதாவது அந்த வண்டியில் போகிற எனக்கே அது தெரியும்.

"இன்னாபா மேல வந்து வுழுவற? இது நம்ம எடம்" என்றார் நடுவில் இருந்த பருத்த மனிதர், சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். பிறகு நிமிர்ந்து, என் தோளில் சாய்ந்திருந்த அண்ணனைப் பார்த்தார்.

"ஏந்திருங்கடா. நைனா, நீ இப்டி படுத்துக்க."

ஒரு பெஞ்சு முழுக்கக் காலியானது. எழுந்தவர்கள் நின்றபடியே ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள்.

வில்லிவாக்கம் தாண்டியிருக்கும். ஆஸ்பத்திரியில் வாரக்கணக்காகச் சுவரைப் பார்த்தே கிடந்த அண்ணன் திடீரென்று பேசினார். "அந்த எட்டைக் கீழ போடாதப்பா. பக்கத்துல இருக்கிறவரு அதுக்குத்தான் காத்துக்கினு இருக்காரு."

பெட்டியே சிரித்தது. "பார்றா! படுத்துக்கினே ரெண்டு பேர் கையையும் பார்த்துட்டாரு. இந்தாளை வெளிய வுட்டு வச்சா ஆபத்து, இவருக்கும் சேர்த்துப் போடு!"

சீட்டுகளை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அண்ணன் ஆடினார். ஜெயிக்கவும் செய்தார்.

வேப்பம்பட்டு வந்தது. அவர்கள் இறங்க வேண்டிய ஊர் அதுதான். "எறங்கலையா?" என்று ஒருவர் கேட்க, "ஆட்டம் முடிஞ்சிச்சா? கம்முனு சீட்டைப் போடு" என்றார் பருத்த மனிதர். ஒருவரும் இறங்கவில்லை.

திருவள்ளூரில் எங்கள் போர்வையின் நான்கு முனைகளையும் பிடித்து, அண்ணனைக் குதிரை வண்டிவரை தூக்கிப் போனவர்கள் அவர்கள்தான். "ஞாயித்துக்கெழம வர்றோம் நைனா. தோத்தத திருப்பாம வுட மாட்டோம்" என்றார் பருத்த மனிதர். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன்.

இல்லத்தில் கட்டில் காலியாகவே இருந்தது. ஊசி போட்டதும் அண்ணன் தூங்கிப்போனார்.

ஞாயிற்றுக்கிழமை சீட்டுக்கட்டோடு அவர்கள் வந்து நின்றபோது சிஸ்டர் முகம் சுளித்தார். "காசெல்லாம் இல்ல சிஸ்டர், தோத்தவன் டீ வாங்கியாரணும், அவ்ளோதான்" என்றார் பருத்தவர். சிறிது நேரத்தில் அறைக்குள்ளிருந்து அண்ணனின் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிஸ்டர் கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போனார்.

அதன்பின் ஒரு ஞாயிறும் தவறவில்லை. அன்றைக்கு மட்டும் அண்ணன் விடிந்ததும் ஷேவ் பண்ணிவிடச் சொல்வார். பங்குனி உத்திரம் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்திரா பௌர்ணமியையும் பார்த்துவிட்டு, மறுநாள் அமைதியாகப் போனார். தோள் கொடுத்தவர்களில் அந்தப் பருத்த மனிதரும் ஒருவர்.

அண்ணனைச் சாவதற்காக அழைத்துப் போகிறோம் என்றுதான் அன்று ரயில் ஏறினேன். இன்றும் யாராவது ஒரு நோயாளியைக் காட்டி இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொன்னால், அவருக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும் என்றுதான் நான் முதலில் கேட்கிறேன்.