குத்துகிற நத்தையும் குத்தாத நத்தையும்

நூர்ஜஹானின் தம்பி காலையில் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டு வந்து, "அக்கா மவுத்தாயிட்டாங்க" என்றார். செத்துப்போய்விட்டாளாம். கையிலிருந்த காப்பி டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். விலங்கியல் துறையில் எங்களோடு வேலை பார்த்தவர்கள் இதற்கு ஆச்சரியப்பட மாட்டார்கள். எங்கள் சிநேகமே அப்படித்தான்.

எழுபதுகளின் கடைசியில் எங்களுக்குள் சண்டை மூட்டியது ஒரு பட்டாணி அளவு நத்தை. அடி அண்ணாமலை கிராமத்து வயல் வரப்பில் கிடைப்பதும், மலையில் ஒரு ஓடையில் மட்டும் கிடைப்பதும் ஒன்றுதான் என்றேன் நான். ஓட்டின் சுழி, நிறம், வாய் எதிலும் வித்தியாசமில்லை.

"ஓட்டைப் பாத்து சொல்றதுக்கு நீ எதுக்கு? உள்ள பாருடி" என்று நூர்ஜஹான் மைக்ரோஸ்கோப்பை என் பக்கம் தள்ளினாள். வயல் நத்தையின் உடம்புக்குள் ஒரு பையில் சுண்ணாம்பு ஊசி இருக்கும். இணை சேரும்போது அதைத் துணையின் மேல் குத்தும். "குத்தறதுதான் அதுக்குப் பிரியம். ஓடை நத்தைக்கு அந்தப் பையே இல்ல."

அவள் அதுவரை வெட்டிப் பார்த்தது ஒரே ஒரு ஓடை நத்தையை. "ஒண்ண வெச்சு தனி இனம்னு சொன்னா சிரிப்பாங்க" என்றேன். பேனாவை என் மேல் எறிந்தாள்.

அந்தக் கோடையில் புதுப் புல் முளைக்கட்டும் என்று மலையில் தீ வைத்தார்கள். கோடையில் நத்தைகள் வாயைச் சவ்வால் அடைத்துக்கொண்டு பாறையடியில் தூங்கும். தப்பிக்க வழியில்லை. நூர்ஜஹான் மேலே ஓடினாள். ஓடைப் பக்கம் கொள்ளியோடு நின்றவனின் கையைக் கடித்துவிட்டாள். அவன் தடியால் தோளில் போட்டான், எலும்பு முறிந்தது. முந்தானை கருகி, வலது கை தொங்க, லேபுக்கு வந்து இடது முஷ்டியைத் திறந்தாள். உயிரோடு நாலு நத்தை. மற்றதெல்லாம் வெந்துவிட்டதாம்.

"ஆஸ்பத்திரிக்கு வாடி."

"மொதல்ல வெட்டு."

மூன்றை வெட்டினேன். ஒன்றிலும் ஊசிப்பை இல்லை. அவள் சொன்னதுதான் சரி, அது தனி இனம். நாலாவதை உள்ளங்கையில் மூடிக்கொண்டேன்.

"தனி இனம்னு காட்றதுக்குள்ள ஒண்ணுகூட மிஞ்சாது போலிருக்கே."

"மூணு பத்தாது, வெட்டுடி" என்று அறைந்தாள். இடது கையிலும் அவ்வளவு பலம். நானும் திருப்பி அறைந்தேன். தோள் முறிந்தவளை அடித்ததற்கு இன்றைக்கும் எனக்கு வருத்தமில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். பிறகு, "டிபன் டப்பால ஈர மண்ணு போடு. செத்துடப் போவுது" என்றாள்.

முதல் மழைக்கு, தோளில் கட்டோடு அவளே ஏறிப்போய் அதை ஓடையில் விட்டாள். அடுத்த மழைக்காலத்தில் அதே பாறையடியில் மிளகு அளவில் இரண்டு குஞ்சுகள் ஊர்ந்தன. ஆணும் பெண்ணும் ஒரே உடம்பில் இருப்பதால் சில நத்தைகள் துணையில்லாமலே முட்டையிடும்.

"வெட்டிப் பாக்கலாமா?" என்றேன்.

கையை ஓங்கினாள். ஓங்கிய கையோடு சிரித்தாள்.

இவ்வளவு பிரியமாக என்னை யாரும் அடித்ததில்லை. அவளுடையது என்று என்னிடம் இருப்பது அந்த அறை ஒன்றுதான். பாவி, இந்த முறை நான் திருப்பி அடிக்க முடியாத இடத்துக்குப் போய்விட்டாள்.