ஒருதடவை ஏறும் கடல்

தோவா எங்கள் தீவுப் பள்ளிக்கு அறிவியல் டீச்சராக வந்து நான்கு வருடம் ஆகிறது. நான்கு வருடமும் தற்காலிக வேலைதான். மலைப்பக்கத்துக்காரி; கடலைக் கண்டாலே பயம். பள்ளி விட்டால் நேரே அறைக்குப் போய்விடுவாள், கரைப்பக்கம் தலைகாட்ட மாட்டாள்.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மொத்தச் சொத்து லென்ஸ் கழன்ற ஒரு நுண்ணோக்கி. அதனால் செய்முறைகளுக்கு அவள் இணையத்தையே நம்பியிருந்தாள். பள்ளியில் சிக்னல் கிடைப்பது தலைமையாசிரியர் அறை ஜன்னலோரம் மட்டும். மதியம் ஒரு கையில் சோற்றுக் கிண்ணமும் மறு கையில் போனுமாக அங்கேயே நிற்பாள். ஜன்னலுக்கு வெளியே படகுத்துறை. அவள் கண் போனை விட்டு நகராது.

எங்கள் வியட்நாம் மொழியில் தேடினால் டியூஷன் விளம்பரம் வந்து விழும். ஆங்கிலத்தில் தேடினால் கொட்டிக் கிடக்கும். ஆனால் ஒன்று தீவில் கிடைக்காத உலர்பனிக்கட்டி கேட்கும், இன்னொன்று பணம் கட்டு என்னும். அகராதியை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் படித்து, முகவரியை நோட்டில் எழுதி, பக்கத்திலேயே ‘நமக்கு ஆகாது’ என்று குறித்து வைப்பாள். நோட்டு முழுக்க நமக்கு ஆகாதுதான்.

இந்த வருடம் அவளுடைய ஒரு வகுப்பைப் பார்க்க மாவட்டக் கல்விக் குழு வருவதாகக் கடிதம் வந்தது. அவர்களுக்குப் பிடித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் மலைக்கே திரும்ப வேண்டியதுதான். பாடம், கடல் ஏறி வற்றுவது. அதற்கென்று ஒரு வீடியோ கண்டுபிடித்தாள். பூமி சுழல, நிலா இழுக்க, இரண்டு பக்கமும் நீர் புடைத்து எழும் அழகான படம். இரண்டு வாரம் உட்கார்ந்து அதற்குத் தன் குரலில் விளக்கம் சேர்த்தாள்.

“அக்கா, ஒருதடவ பாத்துச் சொல்லுங்களேன்.”

நான் கணக்கு டீச்சர், இந்தத் தீவிலேயே பிறந்தவள். விடைத்தாள் திருத்திக்கொண்டே அரைக்கண்ணால் பார்த்தேன்.

“நல்லாருக்குடி.”

என் வாயில் மண்ணைத்தான் போட வேண்டும்.

குழு வருவதற்கு முன் வகுப்பை ஒத்திகை பார்ப்பது எங்கள் வழக்கம். யார் எழுந்து என்ன சொல்ல வேண்டும் என்பது வரை பழக்கிவிடுவோம். ஒத்திகை நாளில் ஹேன் என்ற மாணவி மட்டும் வரவில்லை. நீர் வற்றியிருந்ததால் அம்மாவோடு மட்டி பொறுக்கப் போயிருந்தாள்.

குழு வந்த நாளில் தலைவரின் விரல் சரியாக அவளைத்தான் காட்டியது.

“நீ சொல்லும்மா. ஒரு நாளைக்குக் கடல் எத்தன தடவ ஏறும்?”

“படத்துல ரெண்டு தடவங்க.” ஹேன் கொஞ்சம் யோசித்தாள். “எங்க ஊர்ல ஒருதடவதான்.”

பிள்ளைகள் யாரும் சிரிக்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். உலகில் சில இடங்களில் உள்ளதுபோல எங்கள் பக்கத்துக் கடலும் அப்படித்தான், ஒரு நாளைக்கு ஒருமுறை ஏறும், ஒருமுறை வற்றும். தோவா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதிலேயே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

“உலகம் பூரா ரெண்டு தடவதானேம்மா,” என்றார் தலைவர், நகரத்து மனிதர். “டீச்சர், நீங்களே சொல்லுங்க. எது சரி?”

தோவா படத்தைத் திரும்பிப் பார்த்தாள். “ரெண்டு தடவங்க ஐயா. ஹேன், உக்காரு.”

ஹேன் உட்கார்ந்தாள். எழுந்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? சொன்னால் அவள் வேலை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அடுத்த மாதமே நிரந்தர உத்தரவு வந்துவிட்டது. தோவா அதைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் நோட்டுக்குள் செருகினாள்.

“அந்த ஜன்னல்லதான் நாலு வருஷமா நின்னேன் அக்கா. ஒருநாளாவது வெளிய பாத்திருக்கலாம்.”

அப்போது ஹேன் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

“பரீட்சையில ரெண்டுன்னே எழுதவா டீச்சர்?”

திருத்துகிறவர்கள் அந்தக் குழுவின் ஆட்கள்தான். தோவா நோட்டை மூடி வைத்தாள். பிறகு, “ரெண்டுன்னே எழுதும்மா,” என்றாள்.

“சரிங்க டீச்சர்.” போகத் திரும்பியவள் நின்றாள். “அப்ப நம்ம ஊரு கடல்தான் தப்பா ஏறுதா?”

தோவா என்னைப் பார்த்தாள். நான் திருத்தி முடித்த விடைத்தாளையே மறுபடி எடுத்துத் திருத்தத் தொடங்கினேன்.