அப்பா சொன்ன ‘விடு’

எங்கள் கால்பந்து கிளப் தோற்றால் எங்கள் ஆட்கள் திட்டுவார்கள், மறுநாள் மறந்துவிடுவார்கள். அடி வாங்கிக்கொண்டு திரும்பினால் மறக்க மாட்டார்கள்.

மும்பை விக்ரோலியில் ஓர் அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கிறேன். எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன என்று எழுதுவதுதான் வேலை. தாராவியில் எங்கள் சந்து ஆட்கள் கிளப்பிடம் எதிர்பார்ப்பதை அதே மாதிரி எழுதினால் இப்படி வரும். ஒன்று, எதிரணியின் நல்ல ஆட்டக்காரன் ஆட்டம் சூடு பிடிப்பதற்குள் ஒருமுறையாவது சேற்றில் கிடக்க வேண்டும். இரண்டு, நம் ஆளைத் தள்ளியவன் அடுத்த பந்துக்குள் விழ வேண்டும். மூன்று, சிவப்பு அட்டை வாங்கி வெளியே வருகிறவன் தலை குனியக் கூடாது. கோல் நான்காவதாக வரும்.

என் தம்பி அந்த கிளப்பின் கேப்டன், பின்வரிசைத் தடுப்பாட்டக்காரன். ரெக்சின் பை தைக்கும் பட்டறையில் வெட்டு வேலை. வீட்டில் கரப்பானைக்கூட அடிக்க மாட்டான். துடைப்பத்தால் வாசலுக்குத் தள்ளி விடுவான். களத்தில் அவன் முழங்கையைப் பற்றி செம்பூர் வரை பேசுவார்கள். அந்தப் பேச்சை உண்டாக்கியதில் அப்பாவுக்குப் பெரிய பங்கு உண்டு. அப்பா டெம்போ ஓட்டுகிறார். ஆட்டமுள்ள ஞாயிற்றுக்கிழமை வண்டியை எடுக்க மாட்டார். கோட்டுக்கு வெளியே நின்று முதல் விசிலிலிருந்து கத்துவார்: “ஒண்ணு விடுல!”

எங்கள் திருநெல்வேலிப் பேச்சில் அதற்கு, ஒரு அடி கொடு என்று பொருள். தம்பி அதைக் கேட்டுத்தான் வளர்ந்தான். பந்தில் ஒன்று விடுவான், கணுக்காலில் ஒன்று விடுவான்.

அந்த வருடம் மட்டும் நிலைமை வேறு. ஒரு பெரிய கம்பெனியின் அணிக்குத் தம்பியைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். ஆட்டத்தோடு சேர்த்து நிரந்தர வேலை. சீசன் முடிந்ததும் சேரலாம். ஆனால் சீசன் முழுக்கத் தடை வாங்கியவனை எடுக்க மாட்டார்கள். இதை ஏற்பாடு செய்தவர் கிளப் செயலாளர், மாட்டுங்காக்காரர், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆட்டத்துக்குப் போகும் முன் அம்மா எனக்கு ஒரே ஒரு வேலை கொடுத்தாள். அப்பா உள்ளே இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பூர் மைதானத்தில், மழையில், ஒரு கையில் குடையும் மறு கையில் அப்பாவின் சட்டைப் பின்புறமுமாக நின்றேன்.

மைதானம் முழுக்கச் சேறு. எதிரணி செம்பூர்க் காலனி ஆட்கள், அவர்களிலும் பாதிப் பேர் தமிழர்கள். முதல் பாதியிலேயே எங்கள் கோல்கீப்பரின் விரல்களை யாரோ மிதித்துவிட்டார்கள். கையுறைக்குள்ளிருந்து ரத்தம் மழைத் தண்ணீரோடு வழிந்தது. எங்கள் பக்கம் ஒருவன் பதிலுக்குப் போய் அவர்கள் ஆளின் விலாவில் முட்டியை இறக்கினான். நடுவர் மஞ்சள் அட்டையைக் காட்டிக் காட்டி, கடைசியில் அதை நனைந்த பையில் திரும்ப வைப்பதையே விட்டுவிட்டார். எங்கள் ஆட்கள் எல்லைக் கோட்டை மிதித்துக்கொண்டு நின்றார்கள். அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: அவர்களுடைய முன்வரிசை ஆட்டக்காரன் ஒருவனை உடை. “தோட் டால்” என்று இந்தியில் கத்தினார்கள். ஒல்லியான பையன், இரண்டு கோல் போட்டிருந்தான். தம்பி அவனை ஒருமுறைகூடத் தொடவில்லை. என் பக்கத்தில் நின்ற ஒருவர், கம்பெனி வேலை கிடைச்சதும் மாப்பிள்ளைக்குக் கால் கூசுது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அன்று அவர் ஒருமுறைகூடக் கத்தியிருக்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆட்டம் முடியப்போகிற நேரம். பந்து வெளியே போய் விசிலும் ஊதியாகிவிட்டது. அந்தப் பையன் திரும்பி வரும்போது தம்பியின் முகத்தில் துப்பினான். கூடவே ஏதோ சொன்னான். தம்பி இடது கையால் அவன் கழுத்துச் சட்டையைப் பிடித்துத் தூக்கினான். பையனின் கால் விரல்கள்தான் தரையில் இருந்தன. கூட்டம் சட்டென்று அடங்கிவிட்டது. தம்பியின் வலது கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவன் எங்கள் பக்கம் பார்த்தான். அப்பாவைத்தான் பார்த்தான்.

“விடுல!” என்றார் அப்பா.

வலது கை போனது. அந்தச் சத்தம் மழையிலும் கேட்டது, ஈர மரக்கட்டை பிளப்பது மாதிரி. பையன் விழுந்தான். வாயைத் திறக்க முயன்றான். தாடை ஒரு பக்கமாகப் போயிருந்தது. சேற்றில் ஒரு பல் கிடந்தது. அதன்பிறகு இரண்டு பக்க ஆட்களும் உள்ளே இறங்கினார்கள். கொடிக் கம்புகள், குடைகள், யாரோ ஒருவரின் பெல்ட். செம்பூர்க்காரர் ஒருவரின் காதைப் பிடித்துத் திருகி என் கண்ணெதிரே கிழித்தார்கள். எங்கள் கோல்கீப்பரை நான்கைந்து பேர் வளைத்து, தரையில் போட்டு உதைத்தார்கள். அப்பா மட்டும் இறங்கவில்லை. நான் சட்டையைப் பிடித்திருக்க வேண்டிய அவசியமே இல்லாமல், மரம் மாதிரி நின்றார்.

தோற்றோம். ஆனால் எங்கள் ஆட்கள் பாடிக்கொண்டே வீடு வந்தார்கள்.

போட்டிக் குழு விசாரணை வைத்தது. செம்பூர் தரப்பு கொடுத்த புகார், தம்பியின் மேல் மட்டுமல்ல. அப்பா ‘அடி’ என்று கத்தித்தான் அவன் அடித்தான், கிளப்பின் ஆட்களே தூண்டிவிட்டார்கள் என்றார்கள். அது நிரூபணமானால் கிளப்பை அந்த சீசனிலிருந்தே நீக்குவார்கள். தம்பிக்குச் சில ஆட்டத் தடையோடு போகும். இல்லை, அவனாகவே அடித்தான் என்றால் கிளப் தப்பும். அவனுக்கு சீசன் முழுக்கத் தடை. செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்து இதை நிதானமாக விளக்கினார்.

“உங்க பையன் உண்மையைச் சொல்லட்டும். அப்பா அடிக்கச் சொன்னதாத்தான் காதுல விழுந்ததுன்னா, அதையே சொல்லட்டும். வேலை போகாது. ஆனா எனக்குப் புரியலை, நீங்க விடுன்னுதானே சொன்னேள்? விடுன்னா விடறதுதானே?”

எங்கள் ஊர்ப் பேச்சில் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு என்று நான் சொன்னேன். ‘ஒண்ணு’ என்பதைச் சேர்க்காமலும் சொல்வோம். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அவர் போன கையோடு சந்து ஆட்கள் வந்தார்கள். பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார்கள். தம்பியின் வீங்கிய வலது கையை ஆளாளுக்குத் தொட்டுப் பார்த்தார்கள், கோவிலில் எதையோ தொடுகிற மாதிரி. யாரும் மிரட்டவில்லை. கிளப்பை ஆரம்பித்தவர்களில் ஒருவர் மட்டும் கிளம்பும்போது சொன்னார்: “ஆட்டக்காரன் வருவான், போவாம்ல. கிளப்பு இருக்கணும். நீ கேப்டன், ஒனக்கு நாங்க சொல்லணுமா?”

அப்பா பொட்டலத்தைப் பிரித்து எல்லோருக்கும் தட்டில் வைத்தார்.

விசாரணை மாட்டுங்காவில், ஒரு பள்ளிக்கூட அறையில். அடிபட்ட பையனின் அண்ணன் வந்திருந்தான். தாடையைக் கம்பி போட்டுக் கட்டியிருக்கிறார்கள், தன் தம்பி கஞ்சியை ஸ்ட்ராவில் உறிஞ்சுகிறான் என்று இந்தியில் சொன்னான். எங்களைப் பார்க்காமல் சொன்னான். பிறகு அப்பா கத்திய சொல்லை அவன் தமிழில் சொன்னான். அதற்குப் பொருள் ‘மார்’, அதாவது அடி என்றான். செயலாளர் எழுந்து, இல்லை, ‘சோட்’, விட்டுவிடு என்றுதான் பொருள் என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரி. குழுத் தலைவர் மராத்திக்காரர். அவருக்குச் சலித்துவிட்டது. தம்பியைக் கேட்டார்: உன் அப்பாதானே, நீயே சொல், ‘மார்’ஆ, ‘சோட்’ஆ?

ஜன்னலுக்கு வெளியே எங்கள் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். தம்பி அவர்களையும் பார்த்தான், பையனின் அண்ணனையும் பார்த்தான். அப்பாவை மட்டும் பார்க்கவில்லை.

“சோட் போலா” என்றான். விடச் சொன்னார். நான்தான் கேட்கவில்லை.

அவனுக்கு சீசன் முழுக்கத் தடை. கிளப்புக்கு எச்சரிக்கை மட்டும். ஆட்கள் முன்னால் ஓடினார்கள், சந்தில் சொல்ல. நாங்கள் மூவரும் கிங்ஸ் சர்க்கிளிலிருந்து நடந்தே வந்தோம். பூக்கடைகளைத் தாண்டினோம். சயான் பக்கம் திரும்பும்போது அப்பா கேட்டார்.

“நெசமா ஒனக்கு என்னல கேட்டுச்சு?”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“விடுன்னு.”

“அதான் கேட்டுச்சு.”

அப்பா கொஞ்சதூரம் நடந்தார். பிறகு, எங்களில் யாரிடம் என்று தெரியாதபடி சொன்னார்: “வேலையும் நெனப்புல இருந்துச்சு. அவன் துப்புனதும் கண்ணுல நின்னுச்சு. எத நெனச்சுச் சொன்னேன்னு எனக்கே தெரியலல.”

தம்பி தலையை ஆட்டினான். கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சந்து முனையில் மேளம் வந்திருந்தது. நான் எழுதிய எதிர்பார்ப்புகளில் விட்டுப்போன ஒன்று அங்கேதான் எனக்குத் தெரிந்தது. கிளப்புக்காக எதையாவது இழந்தவன் சந்தோஷமாக இருக்க வேண்டும், எல்லோரும் பார்க்கும்படி. அவனைத் தோளில் தூக்கினார்கள். யாரோ அவன் வலது கையை மேலே உயர்த்திப் பிடித்தார்கள். அந்தக் கை இன்னும் வீங்கித்தான் இருந்தது. வலியில் அவன் முகம் சுருங்கியது.

“விடுங்கல” என்றான். “கீழ விடுங்கல.”

மேளத்தில் அது யாருக்கும் கேட்டிருக்காது. அப்பாவுக்குக் கேட்டது. கூட்டத்தை இரண்டு கையாலும் விலக்கிக்கொண்டு உள்ளே போனார். எதிரே வந்தவன் நெஞ்சில் ஓங்கி ஒரு குத்து விட்டார். மேளம் நின்றது. தம்பியின் இடுப்பைக் கட்டிப்பிடித்து, சிறு பிள்ளையை இறக்குவது போல, அவனைத் தரையில் இறக்கினார்.