மாடம்பாக்கத்து ப்ளூஸ்

காலை ஆறரைக்குத் தாம்பரத்தில் இறங்கினேன். திருச்சியிலிருந்து இரவு முழுக்க உட்கார்ந்தே வந்ததில் முதுகு பிடித்திருந்தது. மாடம்பாக்கம் அங்கிருந்து ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்கு இருநூறு ரூபாய். ராஜகீழ்ப்பாக்கம் திருப்பத்தில் இரண்டு தண்ணீர் லாரிகள் எதிரெதிரே நின்றுவிட, வண்டி நகரவில்லை. யாரைப் பார்க்கப் போகிறேன் என்று ஓட்டுநர் கேட்டார். பியானோ வாசிக்கும் ஸ்டெல்லா என்றேன்.

“அந்தம்மாவா? கோயிலாண்ட கீது வூடு. இப்பல்லாம் சத்தமே வர்றதில்லக்கா,” என்றார்.

ப்ளூஸ் அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் துயரத்தைப் பாடிய இசை. அதைப் பியானோவோடு தமிழில் பாடியவர்களில், நான் அறிந்தவரை, ஸ்டெல்லாதான் முதல். அவருடைய அப்பா ரயில் ஓட்டியவர். ஸ்டெல்லா தேவாலயத்தில் வாசிக்கப் பழகி, பிறகு மவுண்ட் ரோடு ஓட்டல்களில் பாடினார். விருந்தினர்கள் ஆங்கிலப் பாட்டுத்தான் கேட்பார்களாம். அவர்கள் கலைந்தபின் சமையல்காரர்களுக்காகத் தமிழில் பாடுவாராம். இசைத்தட்டு போட யாரும் முன்வரவில்லை. சினிமாவுக்கு வாசித்தார், படத்தில் பெயர் வரவில்லை. ஆனால் அவரிடம் படித்தவர்கள் இன்று எத்தனையோ ஸ்டுடியோக்களில் வாசிக்கிறார்கள். என் வாத்தியாரும் அவர் மாணவர்தான். ஸ்டெல்லாவின் பாட்டொன்றிலிருந்து வாத்தியார் முணுமுணுத்த இரண்டு வரிகளைக் கேட்டுத்தான் நான் பியானோ பக்கமே வந்தேன். அந்தப் பாட்டை முழுசாகப் பதிவு செய்யவே இந்தப் பயணம்.

கதவைத் திறந்தவர் மகள் மெர்சி. போன வருடம் பக்கவாதத்தில் அம்மாவின் இடது கை விழுந்துவிட்டது என்று வாசலிலேயே சொன்னார். ஃபோனில் சொன்னால் நான் வராமல் இருந்துவிடுவேனோ என்று பயந்தாராம்.

ஸ்டெல்லா பியானோ முன்னால் உட்கார்ந்திருந்தார். வாத்தியார் பெயரைச் சொன்னதும் சிரித்து, அவன் எப்போதும் தாளத்தில் அவசரப்படுவான் என்றார். பிறகு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டு, இடது கைப் பகுதியை என்னை வாசிக்கச் சொன்னார். வாத்தியார் பழக்கிய ப்ளூஸ் தாளத்தில் நான் தொடங்கினேன். வலது கையால் வாசித்தபடி அவர் பாடினார். கணவன் ஏறிப் போன ரயிலைப் பிளாட்ஃபாரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியின் பாட்டு. குரல் கரகரத்தது, சில இடங்களில் மூச்சு போதவில்லை. மெர்சி கண்ணைத் துடைத்துக்கொண்டார். கை விழுந்த பிறகு அம்மா பாடியதே இல்லையாம்.

இன்னொரு முறை பாடச் சொல்லி ஃபோனை எடுத்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ரெண்டு கையும் நல்லா இருந்தப்ப ஒருத்தரும் ரெக்கார்ட் பண்ணலம்மா. இத பண்ணாத. நீ கேட்டுட்டல்ல, போதும்.”

கெஞ்சினேன். மெர்சியும் சொல்லிப் பார்த்தார். அவர் அசையவில்லை. ஃபோனைப் பைக்குள் வைத்தபிறகுதான் மறுபடி பாடினார், முன்னைவிட நிதானமாக.

மாலை ரயில் வண்டலூரைத் தாண்டும்போது பாடிப் பார்த்தேன். சொற்கள் வந்தன, மெட்டும் வந்தது. திருச்சியில் என் பியானோ வகுப்புப் பிள்ளைகள் தப்பாக வாசிப்பதைக்கூடப் பெற்றோர்கள் ஃபோனில் பிடித்து வைத்துக்கொள்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாட்டைச் சொல்லிக்கொடுப்பேன். அந்த அம்மா இதை எப்படிப் பாடினார் என்று யாராவது கேட்டால், போட்டுக் காட்ட என்னிடம் எதுவும் இல்லை.