அவர் அவிழ்த்த துண்டு

திண்டிவனத்தில் ஒரு பள்ளியில் அறிவியல் வாத்தியார் நான். ஓசோன் பாடம் வந்தால் எனக்குத் தனி உற்சாகம். "ஓட்டை தென் துருவத்துப் பக்கம்தானே என்று இருந்துவிடாதீர்கள். நம் தலைக்கு மேல் அந்தப் படலம் இயல்பிலேயே மெலிசு. அது மேலும் மெலிந்தால் தோலில் புற்றுநோயைக் கொண்டுவரும் புற ஊதாக் கதிர் இன்னும் கூடும். நம் கருப்புத் தோல்தான் ஓரளவு காப்பாற்றுகிறது" என்று வருடா வருடம் முழங்குவேன்.

பிரம்மதேசம் பக்கம் எங்கள் நிலத்தில் வேலை செய்தவருக்கு அந்தக் காப்பும் இல்லை. பிறவியிலேயே தோலில் நிறமில்லாதவர். வெயில் பட்டால் சிவந்து உரியும். தலையையும் காதையும் மூடித் துண்டு கட்டிக்கொண்டுதான் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, பிடுங்குவார். நான் வரப்பில் ஏறியதும் துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொள்வார். நிலக்காரர் முன்னால் கூலியாட்கள் அப்படித்தான் நிற்க வேண்டும் என்பது அப்பா காலத்துக்கும் முந்தைய வழக்கம். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் நீ, வா, போ என்றுதான் பேசுவேன்.

துண்டைக் கட்டிக்கொள் என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? சொல்லவில்லை. தோன்றவில்லை என்று என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். உண்மையில் எனக்கு அது பிடித்திருந்தது. வகுப்பில் பிள்ளைகள்கூட என் முன்னால் அவ்வளவு பணிவாக நிற்பதில்லை. உச்சி வெயிலில் நான் குடை பிடித்துக்கொண்டு, கிணற்று மோட்டார் எரிந்துபோன கதையைச் சாவகாசமாகப் பேசுவேன்.

ஒருநாள் அவர் காது மடலில் புண் தெரிந்தது.

"இன்னா இது?"

"முள்ளு கீறிச்சி சார். ஆறிடும்."

அடுத்த அறுவடை வரைக்கும் ஆறவில்லை. அதன் பிறகுதான் பயம் வந்து, விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு என் வண்டியில் அழைத்துப் போனேன். சதையைக் கிள்ளிச் சோதித்துவிட்டுப் புற்றுநோய் என்றார்கள். பாதிக் காதை எடுக்க வேண்டும்.

டாக்டர் இளம்பெண். "உங்க தோலுக்கு வெயிலே ஆவாதுங்க. தலையையும் காதையும் மூடிக்கினு வேலை செய்யணும்னு யாரும் சொல்லலியா?" என்று அவரிடம் கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார் சொல்லிக்கினேதாங்க இருப்பாரு. நான்தான் பேஜாரா இருக்குதுன்னு கழட்டி வச்சிடுவேன்."

"நீங்களாவது சொல்லியிருக்கீங்களே சார்" என்றார் டாக்டர்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.